வெல்லம் குடித்த தரை

எங்கள் வீட்டுத் தரை வேர்க்கும். பாகூர் ஏரி நிறைந்தால் ஊருக்கு விளைச்சல், எங்களுக்கு ஈரம். ஐப்பசியில் தண்ணீர் மதகு மட்டத்துக்கு ஏறியதும், கரைக்குக் கீழே பள்ளத்தில் நிற்கும் எங்கள் மண்வீட்டின் தரையில் முதலில் ஓர் இருட்டு படியும். சாணம் மெழுகிய பச்சை கறுக்கும். பிறகு மினுங்கும். பிறகு கை வைத்தால் கை நனையும். பாயைச் சுருட்டினால் பாயின் வரிகள் தரையில் கிடக்கும், தரையின் பூஞ்சை பாயில் கிடக்கும். கட்டியவர் என் தகப்பனார். ஏரிமண் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று அங்கேயே கட்டிவிட்டு, அதில் ஒரு மழைக்காலம்கூட முழுதாக இருக்காமல் போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தரை எங்கள் பிள்ளைகள் இரண்டை வாங்கிக்கொண்டது. முதலாவது பெண். குப்புற விழக் கற்றுக்கொண்ட மார்கழியிலேயே நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டாள். இரண்டாவது பையன். அவன் தவழ்ந்தான். தூளியில் தங்க மாட்டான், இறக்கிவிடச் சொல்லித் துள்ளுவான். இறக்கிவிட்டால் ஈரத்தில் உள்ளங்கை பதித்து, வயிறு பதித்து, வீடு முழுக்க ஊர்வான். அவன் போன தடம் நத்தை போன தடம் போல மின்னும். காய்ச்சல் வந்தபோது வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை எங்கே படுக்கிறான் என்று டாக்டர் கேட்டார். தரையில் என்றோம். தரை எப்படி என்றார். சொன்னோம். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவர் சொன்ன பதில்.

மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது என் மனைவி தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். வில்லியனூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் அவள் ஊர். எவ்வளவு மழை கொட்டினாலும் வெயில் ஏறுவதற்குள் தெரு உலர்ந்துவிடும். வண்டியில் ஏறப் போனவள் திரும்பி உள்ளே வந்தாள். குனிந்து, காய்ச்சல் பார்ப்பதுபோலத் தரையில் உள்ளங்கையை வைத்தாள். எழுந்து கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“இந்தத் தரையில இன்னொரு புள்ளய நான் வுட மாட்டேன்” என்றாள்.

கோபம் இருந்திருந்தால் தணிக்கலாம். அழுகை இருந்திருந்தால் கூட அழலாம். இரண்டும் இல்லாத குரல் அது. அடுப்பில் சோறு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிற குரல்.

பெண் பிறந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையை ஐந்தாம் மாதத்தில் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். அது பங்குனியில் வந்தது. அதற்குள் தையில், அவளுடைய அண்ணன், எங்களைப் போலவே பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனிலிருந்து, கடல் தாண்டி விடுப்பில் வந்து இறங்கினார். அங்கே துறைமுகத்தில் காவல் வேலை. ஆண்டுக்கணக்கில் ஊர்ப்பக்கம் வராதவர், போன இரண்டு பிள்ளைகளின் முகமும் பார்க்காதவர். நான் பெண்ணைப் பார்க்கப் போனபோது என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். பூட்ஸ் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. தங்கையிடம் சொல்லிவிட்ட சொல்லை என்னிடம் சொல்ல வழி தேடிக்கொண்டிருந்தார்.

“கப்பல் பங்குனிக் கடைசில, மாப்ள. அதுக்குள்ள நீ வூட்டுக்குத் தரை போடு. போட்டுட்டா நானே கொண்டாந்து வுட்டுட்டு அப்பால கப்பல் ஏறுறேன். போடலன்னா ரெண்டு பேரையும் என்னோட கூட்டிக்கினு போறேன். அவளும் அதான் சொல்லுது.”

நானும் வருகிறேனே மச்சான் என்று கேட்டுப் பார்த்தேன். தங்கை பேரையும் குழந்தை பேரையும் அவர் தன் காகிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம், என் பேரைச் சேர்க்க வழியில்லை என்றார். என் கரும்பும் அப்போது பாதி வெட்டி, பாதி நின்றிருந்தது. திரும்பும் வழியெல்லாம் சங்கராபரணி ஆற்று மணலில் என் நிழல் எனக்கு முன்னால் ஓடிற்று. நான் அதைத் துரத்தினேன். அன்றிலிருந்து கப்பல் போகும்வரை நான் உட்கார்ந்ததாக நினைவில்லை.

முதலில் ஓடு. வில்லியனூர்ச் சூளையில் சதுர ஓடு வாங்கப் போனேன். ஓட்டைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துச் சுண்டினால் வெண்கலம்போல் சத்தம் வரவேண்டும், வேகாத ஓடு தொண்டை கட்டினவன்போல் பேசும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒவ்வொன்றாய் எடுத்துச் சுண்டினேன். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. சூளைக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாய்யா, ஓட்டுக்கு நாடி பாக்குறியா? எதுனா சொல்லுதா?”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஈரம் ஏறாத ஓடு வேண்டும் என்றேன். ஈரம் ஏறாத ஓட்டைத் தேவலோகத்தில்தான் சுடுகிறார்களாம், போய்ப் பார் என்றாள். பிறகு எதற்கு என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் இடுப்பிலிருந்த கை கீழே இறங்கியது. நான் ஒதுக்கி வைத்திருந்த அடுக்கைக் கலைத்து, அடிவயிறு கறுத்தவை, மூலை மழுங்கியவை என்று நான் சுண்டியும் கண்டுபிடிக்காத சோதாக்களைத் தூக்கி எறிந்தாள். வண்டியில் ஏற்றும்போது, வழியில் உடைந்தால் ஆகும் என்று கணக்கில் வராத ஓடுகளைக் கூடையில் கொண்டுவந்து வைக்கோலுக்கு நடுவே சொருகினாள். அந்த நாட்களில் எனக்கு அகப்பட்ட கருணையெல்லாம் இப்படித்தான், கேட்காமல், கை நிறைய வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

வில்லியனூரும் பாகூரும் ஒரே சர்க்கார்தான், பிரெஞ்சுக்காரரின் பிராஞ்சு சர்க்கார். ஆனால் நடுவில் இங்கிலீசு நிலம் துண்டு துண்டாகக் கிடக்கும். நம் ஊரிலிருந்து நம் ஊருக்குப் போக அயல்தேசம் ஒன்றைத் தாண்டவேண்டும். சுங்கச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். ஓட்டுக்கு நடுவில் என்ன என்றான் சேவகன். வைக்கோல் என்றேன். வைக்கோலுக்கு நடுவில் என்ன என்றான். பிராஞ்சு எல்லையிலிருந்து சாராயமும் பட்டும் எப்படியெப்படியெல்லாமோ கடத்தப்பட்ட காலம். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாவற்றையும் இறக்கச் சொன்னான். புழுதியில் ஓடுகள் வரிசை வரிசையாகப் பரந்தன. அந்த நடுச்சாலையில், வானத்தின் அடியில், என் வீட்டுத் தரை முதல்முதலாக விரிந்து கிடந்தது. மாடுகள் அதை முகர்ந்து பார்த்தன. சேவகன் அதன்மேல் நடந்து பார்த்தான். காலடியில் சில ஓடுகள் நொறுங்கின.

எதற்கு ஓடு என்று கேட்டான். பிள்ளை தவழ என்றேன்.

“பிராஞ்சு ஓட்டு மேல தவழ்ந்தா புள்ள பிராஞ்சு பேசுமா?” என்று தன் கூட்டாளியைப் பார்த்துக் கண் சிமிட்டினான். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் வண்டி நகராது. பிறகு அவனே இரண்டு கை ஓடு எடுத்து வண்டியில் ஏற்றவும் செய்தான். அந்தக் கிண்டல் எங்கே போய்ச் சேரும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அடுத்து ஆள். எங்கள் ஊரில் சுவர் எழுப்புகிறவர்கள் உண்டு, ஓடு பதிக்கிறவர் இல்லை. புதுச்சேரிப் பட்டணத்தில் வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் பதிக்கிற கொத்தனார்களைத் தேடி நாள் கணக்கில் அலைந்தேன். ஒருவர் ஆடிக்கு அப்புறம் என்றார். ஒருவர் பாகூரா, அங்கே வந்தால் ஆள் திரும்புகிற வரைக்கும் வேலை கெடும் என்று வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினார். ஒருவர் வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டார், வரச் சொன்ன நாளில் வரவில்லை. மாசி நழுவிக்கொண்டிருந்தது. பட்டணத்துக்கு நடக்கும்போதெல்லாம் கடல் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினேன். கப்பல் ஏதாவது அதற்குள் வந்து நின்றிருந்தால்?

கடைசியில் அகப்பட்டவர், எங்கள் கரும்புக்கொல்லை வரப்பைத் தாண்டினால் வரும் இங்கிலீசு ஊர்க்காரர். ஐம்பது கடந்த மேஸ்திரி. கோயில் மண்டபத் தளம் போட்டவர், பெரிய பண்ணை வீடுகளுக்குச் சதுர ஓடு பதித்தவர், பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவர். வந்தார், தரையைப் பார்த்தார், குச்சியால் குத்தினார், குச்சி நுனியை மோந்தார். ஏரி உன் வீட்டுக்குள்ள குடியிருக்குதுய்யா, அதைக் கெளப்பணும் என்றார். அடியில் மண்ணை வாரி எறிந்து மணல் கொட்டி, செங்கல் சல்லி இடித்து, கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றிக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துப் புளிக்க விட்டு அரைத்து, அதன்மேல் ஓடு பதிக்கலாம். பதித்தபின் ஒரு மண்டலம் கால் படக்கூடாது.

என்னிடம் ஒரு மண்டலம் இல்லை. கப்பல் இருந்தது. அவரிடம் கப்பலைப் பற்றிச் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்தார். அவசரமென்றால் சிமிட்டி என்று பட்டணத்தில் ஒன்று விற்கிறார்களாமே, இரண்டு நாளில் கல்லாகிவிடுமாமே, அது உங்களுக்குப் பழக்கமா என்று நான்தான் கேட்டேன்.

“சிமிட்டின்னா இன்னா, சீமைச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு எந்தச் சீமையில பொறந்தா இன்னா, என் கரணைக்கு அடங்கும்” என்று தன் பூச்சுக் கரண்டியைத் தட்டிக் காட்டினார்.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது அந்த மாதிரி ஒரு வாய். மறுநாளே பட்டணத்துக் கடைத்தெருவில் சிமிட்டி மூட்டைகள் வாங்கினேன். இரும்பும் தாரும் பெயிண்டும் விற்கிற கடை. கடைக்காரர் கெட்டியான ஆள், சிரித்த முகம். மூட்டை நனையாமல் பார்த்துக்கொள், மணலைக் கழுவிச் சேர், தண்ணீர் ஊற்று, போதும் என்றார். தண்ணீர் ஊற்று என்றுதான் சொன்னார். வேறெதையும் ஊற்றாதே என்று யாரும் யாருக்கும் சொல்கிற வழக்கமில்லை.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாசி பங்குனியில் எங்கள் பக்கம் கரும்பாலை ஆடும். கொல்லைக்குக் கொல்லை அடுப்பு எரியும், கொப்பரையில் பாகு கொதிக்கும், காற்றே இனிக்கும். அந்த நாளில் யார் வீட்டிலாவது தளம் போட்டால், ஆலை ஆட்டுகிறவர்கள் கொப்பரையிலிருந்து ஒரு செம்பு பாகு கொண்டுவந்து, சாந்து குழைக்கிற குழியில் தங்கள் கையாலேயே ஊற்றிவிட்டுப் போவார்கள். ஊற்றினால் அந்த வீட்டில் பேச்சு கசக்காது என்பார்கள். சுண்ணாம்புச் சாந்துக்கு வெல்லம் பலம், ஆகவே அது வெறும் நம்பிக்கையும் இல்லை. தலைமுறை தலைமுறையாய் அப்படித்தான் எங்கள் தளங்கள் இறுகின. சாதாரணமாக ஒரு வீட்டுக்கு உறவுக்காரர் நாலு பேர் கொண்டுவருவார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஊரே வந்தது.

இரண்டு பிள்ளை போன வீடு. மூன்றாவது வரப்போகிறது, வராமலும் போகலாம். கப்பல் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து செம்பும் கையுமாக வந்துகொண்டே இருந்தார்கள். எங்களோடு வாய்க்கால் தகராறில் பேச்சை விட்டிருந்த பங்காளி வந்தார், என்னைப் பார்க்காமல் குழியைப் பார்த்து ஊற்றிவிட்டுப் போனார். போன என் பையனை நாளும் குளிப்பாட்டிவிட்ட பக்கத்து வீட்டுக்காரி ஒரு குடமே கொண்டுவந்தாள். ஊற்றும்போது அவள் உதடு அசைந்தது. பாகு பொன்னிறமாக, கயிறு கயிறாக, சாம்பல் நிறச் சிமிட்டியில் இறங்கியது. மேஸ்திரி ஒவ்வொரு செம்புக்கும் தலையாட்டினார். சல்லியை இடிக்க வந்த சித்தாள் பெண்கள் குழியில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, இந்த வூட்டுத் தரைய எடுத்துப் பொங்கல் வெக்கலாம்டி என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன். அந்த ஆண்டில் நான் மகிழ்ச்சியாக இருந்த பகல் அது ஒன்றுதான்.

நூல் பிடித்து ஓடுகளைப் பதித்தார் மேஸ்திரி. பதிக்குமுன் தொட்டியில் ஊறப்போட்டார். ஓடுகள் தண்ணீர் குடிக்கும்போது முணுமுணுத்தன, குமிழ் விட்டன. மட்டப்பலகையால் தட்டித் தட்டி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சிவப்பு நகர்ந்தது. சாயங்கால வெயில் வாசல் வழியாக விழுந்தபோது வீடு உள்ளுக்குள் எரிவதுபோல் இருந்தது. குனிந்தபடி பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்து, நிலைப்படியை ஒட்டிய கடைசி ஓட்டையும் அவர் பதித்து, கையைக் கழுவிக்கொண்டார். ரெண்டு நாள் என்றார்.

இரண்டு நாள் ஆயிற்று. ஓட்டின் மூலையை விரலால் அழுத்தினேன். அசைந்தது. ஆடும் பல் அசைவதுபோல. மேஸ்திரியைக் கூட்டிவந்தேன். அவரும் அழுத்தினார். காத்து ஈரமா இருக்குது, இன்னும் ரெண்டு பொழுது என்றார். அதுவும் ஆயிற்று. மூலையைக் கரணையால் நெம்பினார். அடியில் சாந்து, குழைத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, களிபோல் இருந்தது. அவர் அதை எடுத்து உருட்டினார். மோந்தார். அவர் வாய் முதல்முறையாக நின்றுபோயிற்று.

பிறகு எறும்பு வந்தது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள கோடுகளில் வரிசையாக, கறுப்பும் சிவப்பும், ஏரிக்கரையில் உள்ள புற்றெல்லாம் காலியாகி வந்ததுபோல. மஞ்சள் தூள் போட்டேன், சாம்பல் போட்டேன். எறும்புகள் சாம்பலைச் சுற்றி வேறு வழி போட்டுக்கொண்டன. என் வீட்டில் சதுரம் சதுரமாக ஒரு கோலம் ஊர்ந்தது. பிள்ளைக்காகப் போட்ட தரை. அதில் பிள்ளையை விட்டால் ஒரு நாழிகையில் என்ன ஆகும் என்று நினைத்தேன். நினைத்ததும் வெளியே ஓடி வரப்பில் நின்றேன்.

கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், சிமிட்டி என்று சாம்பலைக் கட்டிக் கொடுத்துவிட்டான் என்றார் மேஸ்திரி. எனக்கும் அதுதான் தோன்றியது. மூட்டையில் மிச்சமிருந்ததைத் துண்டில் முடிந்துகொண்டு பட்டணத்துக்கு நடந்தேன். கடை வாசலில் நின்று கத்தினேன், ஊரைக் கூட்டினேன். கடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. துண்டை வாங்கி அவிழ்த்து, ஒரு பிடியைக் கொட்டாங்குச்சியில் போட்டு, என் கண்ணெதிரில் குடத்துத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். நாளைக்கு வந்து பாருங்க, அப்பால கத்துங்க என்றார்.

மறுநாள் போனேன். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து மேசையில் தட்டினார். மேசை அதிர்ந்தது. உள்ளே இருந்தது கல்.

“நீங்க இன்னா ஊத்துனீங்க?”

“தண்ணிதான்.”

“வெறுந்தண்ணியா?”

“வெல்லத் தண்ணி. ஆலைப் பாகு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, இங்க வாய்யா, பாகூர்க்காரரு சிமிட்டியில பாயசம் வெச்சிருக்காரு என்றார். இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எத்தனை செம்பு என்றார். ஊர் முழுக்க என்றேன். ஏன் அத்தனை என்றார். சொன்னேன். சிரிப்பு நின்றது. கணக்கப்பிள்ளை உள்ளே போய்விட்டார். கடைக்காரர் அந்தக் கல்லை என் கையில் வைத்தார்.

“சக்கரை பட்டா சிமிட்டி தூங்கிடுங்க.”

“எழுந்திருக்குமா?”

“எழுந்திருக்கும். எப்பன்னு யாருக்கும் தெரியாது.”

கப்பலுக்குச் சில நாட்களே இருந்தன. தரையைப் பெயர்க்கலாம். பெயர்த்தால் புதுச் சிமிட்டி வாங்கவேண்டும், ஓடுகளைச் சுரண்டிக் கழுவவேண்டும், முழுதும் மறுபடி பதிக்கவேண்டும். அதற்குள் அவர்கள் வந்து பார்த்தால் வீட்டுக்குள் பள்ளம்தான் இருக்கும். பெயர்க்காமல் விட்டால் ஒருவேளை எழுந்துகொள்ளும். மேஸ்திரி பெயர்ப்போம் என்றார், காலையில் வந்து பெயர்க்க வேண்டாம் என்றார். அவரும் நானும் தூங்கும் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தோம், மயக்கத்தில் கிடக்கும் நோயாளியைச் சுற்றி வருவதுபோல. ஆலையிலிருந்து கரும்புச் சக்கையைக் கொண்டுவந்து வீட்டுக்குள் இரும்புச் சட்டிகளில் கொளுத்தினோம். புகை கூரையில் முட்டித் திரும்பிற்று. சுடு மணல் பரப்பினோம், வாரினோம், மறுபடி பரப்பினோம். மேல்தோல் வெளுத்தது, அடி அப்படியே இருந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு சொன்னாள்.

அவர்கள் ஒரு முற்பகலில் வந்தார்கள். மச்சான் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். குழந்தை தாயின் தோளில் இருந்தது. ஐந்து மாதத்துக்குக் கழுத்து நன்றாக நின்றிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, யாரோ என்று தலையைத் திருப்பிக்கொண்டது. வீட்டின் சிவப்பைக் கண்டதும் என் மனைவியின் முகம் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் நிலைப்படியைத் தாண்டி வலது காலை உள்ளே வைத்துவிட்டாள்.

குதிகாலுக்குக் கீழே ஓடு ஒரு பக்கமாக அமிழ்ந்தது. இடுக்கில் பழுப்பு நீர் கசிந்தது.

அவள் நகரவில்லை. குழந்தையை அண்ணனிடம் கொடுத்தாள். குனிந்து அந்த நீரை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோனாள்.

“வெல்லம்” என்றாள்.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் வரிசை இல்லாமல் சொன்னேன், ஓடு, சாவடி, மேஸ்திரி, கொட்டாங்குச்சி. யாரெல்லாம் ஊற்றினார்கள் என்று மட்டும் அவள் கேட்டாள். வீடு வீடாகச் சொன்னேன். பங்காளியும் வந்தாரா என்றாள். வந்தார் என்றேன். பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு வந்ததைச் சொன்னபோது நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். காலில் எறும்பு ஏறியது, அவள் தட்டிவிடவில்லை. அண்ணன் குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார், தண்ணீரைக் கடக்கிறவர்போல.

“எல்லாரும் நல்லதுக்குத்தான் ஊத்துனாங்க” என்றாள் கடைசியில்.

நான் குனிந்து அவள் காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டேன்.

“இங்க நான் புள்ளய எங்க வுடுவேன், சொல்லுங்க. எந்த எடத்துல வுடுவேன்?”

வீட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். ஓர் ஓடு அளவுக்காவது இடம் காட்டுவேனா என்று காத்திருந்தாள் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு எழுந்தாள்.

“காஞ்சதும் சொல்லியனுப்புங்க. வர்றேன்.”

மச்சான் கோபித்துக்கொள்ளாதே மாப்ள என்றார். குழந்தையை என் கையில் ஒரு நிமிஷம் கொடுத்தார். அது என் மேல்துண்டின் முனையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. துண்டில் சிமிட்டி இருக்குமே என்று பிடுங்கினேன். அழுதது. நான் அதற்குக் கொடுத்தது அந்த அழுகைதான்.

புதுச்சேரியில் கடலுக்குள் நீளும் துறைமுகப் பாலத்தில் நின்று கப்பலைப் பார்த்தேன். படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு தண்ணீரின்மேல் அந்தப் பெண்குழந்தை. ஈரத்துக்குப் பயந்து கடல் தாண்டிற்று என் குடும்பம்.

சித்திரையில் ஒரு மத்தியானம், தண்ணீர் குடிக்க உள்ளே போனவன் நின்றேன். காலடியில் ஒரு சத்தம். டக். மறுபடி மிதித்தேன். டக். மண்டியிட்டு விரல் முட்டியால் தட்டினேன், உள்ளங்கையால் அடித்தேன், ஓடிப்போய் உலக்கையைக் கொண்டுவந்து இடித்தேன். கல். மூலைக்கு மூலை, ஓட்டுக்கு ஓடு, கல். எறும்புகள் போயிருந்தன, எப்போது போயின என்று கவனிக்கவில்லை. மேஸ்திரி வரப்பு தாண்டி ஓடிவந்தார். இவ்வளவு கெட்டியாக ஒரு தளத்தை என் ஆயுளில் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, பெருமைப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதோம். அவர் தன் தொழிலுக்காக அழுதார் என்று நினைக்கிறேன்.

அடுத்த கப்பலில் சைகோன் போகிற ஒருவரிடம் சொல்லியனுப்பினேன். பதில் வந்தது. பெண் தவழ்கிறதாம், பல் முளைத்திருக்கிறதாம். அண்ணனின் அடுத்த விடுப்பில் சேர்ந்து வருகிறார்களாம். அந்த விடுப்பு வருவதற்குள் சண்டை வந்தது. கப்பல் நின்றது. தபால் நின்றது. சைகோனில் ஜப்பான்காரன் இறங்கினான் என்றார்கள், குண்டு விழுகிறது என்றார்கள், ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏரி எத்தனையோ முறை நிறைந்து வடிந்தது. தரை ஒருமுறைகூட வேர்க்கவில்லை. ஐப்பசி வந்தால் நான் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். காய்ந்திருக்கும். அது காய்ந்திருப்பதைத் தாங்க முடியாமல் வெளியே போய்விடுவேன்.

நிலைப்படியை அடுத்த ஓடு மட்டும் ஒரு பக்கம் தாழ்ந்தே இறுகிவிட்டது. அவள் குதிகால் வைத்த ஓடு. மேஸ்திரி வரும்போதெல்லாம் அதில் தடுக்குகிறார், பெயர்த்துச் சரிசெய்கிறேன், பேர் கெடுகிறதய்யா என்கிறார். சரிசெய்யட்டும் என்று ஒருநாள் விட்டேன். உளியை வைத்து அடித்தார். உளிதான் மழுங்கிற்று.

இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது என்கிறார்கள். மறுபடி கப்பல் ஓடப்போகிறதாம். பட்டணத்தில் யார் யார் சைகோன் போகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு திரிகிறேன். போன வாரம் ஒருவர் அகப்பட்டார், என்னைவிட வயதில் சிறியவர், கையில் தகரப் பெட்டி. துறைமுகக் காவலில் இன்னார் இருந்தார், தங்கையும் ஒரு பெண்ணும் கூட இருப்பார்கள், பெண் பள்ளிக்கூடம் போகிற வயது, பிராஞ்சு பேசினாலும் பேசும் என்றேன். அந்தத் தங்கையைக் கண்டால் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டார்.

“தரை காஞ்சே கெடக்குதுன்னு சொல்லுங்க.”

“அவ்ளோதானா அண்ணே?”

“அவ்ளோதான். அதுக்குத் தெரியும்.”